அக்கினி மூலையில் ஒரு மேடு

கண்ணாடி வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பட்டறையில் எல்லாரும் அடி மேல் அடி வைத்து நடந்தார்கள். சிங்கப்பூரில், ஜாலான் புசார் சாலைக்குப் பின்னால், ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சந்தில் இருந்த இரும்புப் பட்டறை அது. ரப்பர் ஆலைக்கு உருளை, கப்பலுக்குக் கப்பி, ஈயச் சுரங்கத்துக்கு வாளி என்று சத்தத்திலேயே பிறந்து சத்தத்திலேயே வளர்ந்த இடம். அங்கே ஒருவர் தும்மினால்கூட நாலு பேர் திரும்பி முறைக்கும்படி ஆகிவிட்டது, 1961-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில்.

வந்திருந்தது ஒரு பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி. குறுக்கே ஐம்பது அங்குலம், கனம் எட்டு அங்குலம், எடை ஆயிரத்து இருநூற்று அறுபது பவுண்டு. இங்கிலாந்தில் வார்த்து, இரண்டு வருஷம் தேய்த்துக் குழிவாக்கி, ஆஸ்திரேலியாவில் ஒரு மலைமேல் எழும்பிக்கொண்டிருந்த வானாய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். போகிற வழியில் அது சிங்கப்பூரில் சும்மா இறங்கவில்லை. காலமெல்லாம் அது படுத்திருக்கப்போகும் இரும்புப் படுக்கை இந்தப் பட்டறையில்தான் தயாராகியிருந்தது. கண்ணாடியைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, சரி என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சனிக்கிழமை கப்பலேறும். சரியில்லை என்றால் கண்ணாடி மட்டும் போகும். படுக்கை பழைய இரும்பு விலைக்குப் போகும்.

அந்தப் படுக்கையை வரைந்தவர் தில்லையம்பலம்.

"கண்ணாடிக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய படுக்கை? நாலு கட்டைய வச்சுப் படுக்கப் போட்டா ஆகாதா?" என்று தலைமை ஃபிட்டர் மருதப்பன் முதல் நாளே கேட்டுவிட்டான்.

"ஈர அப்பளத்தை நாலு விரலாலை தூக்கிப் பாருங்கோ மருதப்பன், தெரியும்" என்றார் தில்லையம்பலம்.

மருதப்பன் வீட்டில் தூக்கிப் பார்த்தான் போலிருக்கிறது. மறுநாள் வந்து தலையாட்டினான். கண்ணாடி கல்லைப் போல இறுகியது என்று நாம் நினைக்கிறோம். அது தன் எடையிலேயே தொய்கிற வஸ்து. ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரமாகப் பிளந்தால் வருகிற கீற்றளவு தொய்ந்தாலும் போதும், நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் தாமரைப்பூ மாதிரி விரிந்துவிடும். அதனால் அவர் கண்ணாடியைப் பதினெட்டு இடங்களில் தாங்கும்படி வரைந்திருந்தார். மும்மூன்று தாங்கிகளுக்கு ஒரு முக்கோணத் தட்டு, இரண்டு தட்டுகளுக்கு ஒரு தராசுக் கோல், அப்படி மூன்று கோல்கள். ஒரு கை சற்று இறங்கினால் பக்கத்துக் கை தானாக ஏறிக்கொடுக்கும். எந்தக் கையும் தன் பங்குக்கு மேல் சுமக்காது; எந்தக் கையும் சும்மாவும் இருக்காது. ஆளுக்கு எழுபது பவுண்டு.

"கோயில்ல சாமி தூக்கற தண்டுக்கும் இப்படி ஒண்ணு வரைஞ்சு குடுங்க சார், புண்ணியமாப் போவும். எப்பவும் நெட்டையன் தோளுதான் பழுக்குது" என்றான் மருதப்பன். அவன் ஆறடிக்குக் கொஞ்சம் மேல்.

தில்லையம்பலம் பட்டம் வாங்கியவர் அல்லர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரயில்வே வரைபட அறையில் மற்றவர்கள் வரைந்ததன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதியெடுக்கும் வேலையில் சேர்ந்தவர். பிரதியெடுத்துக்கொண்டே, ஏன் இந்தக் கோடு இங்கே வருகிறது என்று கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டவர். வானாய்வுக்கூடத்தாருக்கு அவராகத்தான் வரைபடம் அனுப்பினார். எட்டு மாதம் கடிதம் போய்க் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில், "செய்யுங்கள். ஆனால் சிங்கப்பூரில் நடக்கும் சோதனையில் தேறாவிட்டால் இங்கிலாந்தில் வேறு செய்துகொள்வோம்" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். படுக்கை தேறினால் பிரதியெடுக்க வந்த மனிதன் ஒன்றை வரைந்துவிட்டான் என்று அர்த்தம். தேறாவிட்டால், பிரதியெடுக்கிறவன் பிரதியோடு நிற்க வேண்டும் என்று அர்த்தம். அப்படித்தான் அவர் மனசு கணக்குப் போட்டு வைத்திருந்தது.

சோதனைக்குப் பட்டறையின் பின்கட்டில் இருந்த பழைய கிடங்கை ஒதுக்கியிருந்தார்கள். தடித்த செங்கல் சுவர். மேலே துத்தநாகத் தகடு. நடுவில் கண்ணாடி மல்லாந்து படுத்திருக்க, அதற்கு நேர் மேலே இருபத்தைந்து அடி உயரத்துக்குச் சாரம் கட்டிக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். சாரத்தின் உச்சியில் ஊசித் துளை போட்ட சிறு விளக்கும் ஒரு கத்தி அலகும் இருந்தன. விளக்கின் வெளிச்சம் கீழே போய்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மேலே வரும். வருகிற வெளிச்சத்தைக் கத்தி மெல்ல மறைத்தால் கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். நிழல் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்காரர்கள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். அதுபோல இருந்தால் படுக்கை சரி.

காலை எட்டு மணிக்குள் சோதனையை முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு தகடு காய்ந்து கிடங்குக் காற்று அலையத் தொடங்கிவிடும். வியாழக்கிழமை காலை சோதனை என்று முடிவாயிற்று. புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே கிடங்குக்குள் யாரும் போகக்கூடாது என்று தில்லையம்பலம் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதித் தொங்கவிட்டார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பரமசிவம் தன் பங்குக்கு, "மீறி எவனாச்சும் உள்ள போனான், அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிரும் லா" என்று வாயாலும் எழுதினார்.

ஏன் போகக்கூடாது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

அந்தப் புதன்கிழமை ஆயுத பூஜை.

தேக்கா சந்தையிலிருந்து செவ்வந்தியும் வாழையிலையும் பூசணிக்காயும் வந்தன. லேத்துக்கு மாலை போட்டார்கள். அரம், ஸ்பானர், சுத்தி எல்லாவற்றையும் துடைத்துச் சரஸ்வதி படத்தின் முன்னால் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே வந்து மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். தில்லையம்பலம் தன் கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டுவந்து வைத்தார். கிடங்குக்குள் மட்டும் ஒரு பூவிதழ்கூடப் போகவில்லை.

பட்டறையைப் பெருக்குகிற முத்தாயிக்கு அது பொறுக்கவில்லை என்பது அன்று யாருக்கும் தெரியாது.

முத்தாயிக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். மற்றவர்கள் "ஏ கெழவி", "இந்தாம்மா" என்று கூப்பிடும்போது தில்லையம்பலம் மட்டும் "முத்தாயி அக்கா" என்பார். மாதம் ஒரு தடவை ஜொகூர்த் தோட்டத்திலிருந்து அவள் மகள் கண்மணியிடமிருந்து கடிதம் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தில்லையம்பலம் அதைப் படித்துக் காட்டுவார். ஒரு தடவை படித்து முடித்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாலேயே முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பார். ஏனென்றால் அவள் கேட்கக் கூச்சப்படுவாள் என்று அவருக்குத் தெரியும். அதை ஒரு உபகாரம் என்று அவர் நினைத்ததே இல்லை.

*

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வானாய்வுக்கூடம் அனுப்பிய ஆய்வாளர் ஹார்வி சாரத்தில் ஏறினார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். கீழே தில்லையம்பலம் மனசுக்குள் பதிகம் சொல்லிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் போயிற்று.

"தில்லை, மேலே வாருங்கள்" என்றார் ஹார்வி.

குரலிலேயே தெரிந்துவிட்டது.

தில்லையம்பலம் ஏறிக் கண்ணை வைத்துப் பார்த்தார். கண்ணாடி முழுவதும் புகைப்படத்தில் இருந்ததைப் போலவே நிழல் சீராகப் படிந்திருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஓரத்தில், தென்கிழக்குப் பக்கம், ஒரு மேடு. பாலாடை மேல் விரலால் உள்ளிருந்து தூக்கினாற்போல் உப்பி நின்றது.

"ஆறாவது தட்டுக்கு நேர் மேலே" என்றார் ஹார்வி. "அந்தப் பக்கத்துத் தாங்கிகள் அளவுக்கு மேல் தள்ளுகின்றன என்று நினைக்கிறேன்."

தில்லையம்பலம் இறங்கி வந்து மருதப்பனைத் தனியே கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உள்ளுக்கு ஆரும் வந்தவையோ? ஆளின்ரை சூடு பட்டாலும் கண்ணாடி பொங்கும்."

"சத்தியமா இல்ல சார். பூட்டு போட்டது போட்டபடி இருந்துச்சு. சாவி என்கிட்டதானே இருக்கு!"

அரைமணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். மேடு குறையவில்லை. சற்றுக் கூடியிருந்தது. ஆள் சூடாக இருந்தால் இதற்குள் தணிந்திருக்க வேண்டும். கூடுகிறதென்றால் அது பாரம்தான், தன் தராசுக் கோல்தான் என்று தில்லையம்பலம் முடிவுக்கு வந்தார்.

ஹார்வி கொடுமைக்காரர் அல்லர். "நாளைக் காலை ஒரு தடவை பார்ப்போம்" என்றார். "அதற்குமேல் என்னால் நிறுத்தி வைக்க முடியாது. நாளை மத்தியானம் பெட்டி அடித்தாக வேண்டும். ஏதாவது மாற்றினால் என்னிடம் சொல்லிவிடுங்கள்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மணிக்குத் தகடு படபடவென்று விரியத் தொடங்கியது. தில்லையம்பலம் தன் மேசையில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டார். சரியாக வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் சரியாகவே வந்தது. கணக்குத் தப்பென்று தெரிந்தாலாவது நிம்மதியாக இருக்கும். கணக்கும் சரி, கண்ணில் பார்த்த மேடும் சரி என்றால் மனுஷன் எதை நம்புவது? கடைசியில் அவர் கணக்கைக் கைவிட்டுக் கண்ணை நம்பினார். ஆறாம் தட்டைத் தாங்குகிற கோலில் அச்சாணித் துளையை எட்டில் ஒரு அங்குலம் தள்ளிப் போட்டால் அந்தப் பக்கத்துப் பாரம் குறையும். படுக்கையை மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, கோலை மட்டும் கீழே கழற்றி எடுத்தார்கள்.

"சார், ஓட்டை போட்டுட்டா போட்டதுதான். பழையபடி மூட முடியாது" என்றான் மருதப்பன், டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு.

"தெரியும்."

"வெல்டிங் வச்சு அடைச்சாலும் இரும்பு கோணிக்கும்."

"தெரியும் மருதப்பன். கோட்டைப் போடுறன், பொறுங்கோ."

அவர் கோலின் மேல் வெண்கட்டியால் கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அப்போது கதவுப் பக்கம் நிழலாடியது. முத்தாயி ஒரு தகரக் குவளையில் கோப்பி கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் மூன்று தடவை அப்படி வந்து நின்றதும் போனதும் அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா."

அவள் வைத்தாள், போகவில்லை.

"ஐயா, கண்ணாடியில மேடுன்னு பேசிக்கறாங்களே, அது எந்தப் பக்கம்?"

"ஏன் நீயும் எஞ்சினீயராயிட்டியா?" என்றான் மருதப்பன்.

தில்லையம்பலம் பொறுமையாகக் கையை நீட்டிக் காட்டினார். "அந்த மூலைப் பக்கம்."

"அது… அக்கினி மூலைங்களா?"

"தென்கிழக்கு. ஓம், அக்கினி மூலைதான்."

முத்தாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயா, அந்த ஓட்டையப் போடாதீங்க. சித்த நில்லுங்க. நான்தான்யா. நான்தான் வச்சேன்."

"என்னத்தை வைச்சியள்?"

"வெளக்கு."

மருதப்பன் டிரில்லைக் கீழே வைத்தான்.

"நேத்து எல்லாத்துக்கும் பூசை ஆச்சு. லேத்துக்குப் பூப் போட்டாங்க, துருப்பிடிச்ச கடப்பாறைக்குக்கூடப் பொட்டு வச்சாங்க. ஐயா மூணு வருஷமா வரைஞ்சு வரைஞ்சு செஞ்சது மட்டும் இருட்டுல கெடக்குது. எல்லாப் புள்ளைக்கும் தலையில எண்ணெ வச்சிட்டு ஒரு புள்ளைய மட்டும் விடலாமா? மனசு கேக்கல. கோலம் போடக் காலையில அஞ்சு மணிக்கு வந்தேன். சாவிய எடுத்துத் தொறந்தேன். கண்ணாடிய நான் தொடவே இல்லைங்கய்யா, எம் பொண்ணு மேல ஆணை. அடியில, அந்த இரும்புச் சட்டத்து மேல, அக்கினி மூலையா பாத்து ஒரு அகல ஏத்தி வச்சேன். ஐயாவுக்கு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன். நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஆறேகாலுக்கு எடுத்துட்டு, பூட்டிச் சாவிய இருந்த எடத்துலயே வச்சிட்டேன். வெளக்கு என்னய்யா பண்ணும், நல்லதுதானே பண்ணும்னு…"

"சாவியா? சாவி என்கிட்ட இல்ல இருந்துச்சு!" என்ற மருதப்பன் பாதியில் நின்றான். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "ஐயையோ சார்! சாவியையும் சேர்த்துத்தான் நேத்துப் பூசையில வச்சேன். மறுபூசை முடியற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு ராத்திரி பூராவும் சரசுவதிகிட்டதான் இருந்துச்சு. காலையில எடுத்துத் தொறந்தேன். அம்மாகிட்ட இருந்தது என்கிட்ட இருந்த மாதிரின்னே நெனச்சிட்டேன்!"

தில்லையம்பலம் அங்கே கிடந்த கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தார். ஒன்றே கால் மணி நேரம் ஓர் அகல் எரிந்திருக்கிறது. ஆறாம் தட்டுக்கு நேர் கீழே. சூடு கண்ணாடியின் முதுகில் ஏறியிருக்கிறது. எட்டு அங்குலக் கனத்துக்குள் சூடு நடந்து போக மணிக்கணக்காகும். அதனால்தான் விளக்கை எடுத்த பிறகும் மேடு வளர்ந்துகொண்டே இருந்தது. ஆள் உள்ளே வந்து போன சூட்டை மட்டுமே நினைத்த அவருக்கு, கீழே வைத்த நெருப்பு தோன்றவில்லை.

அப்படியானால் கோல் சரி. கணக்கு சரி.

"சிவசிவா" என்றார். வாயிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே பிடிபடவில்லை. வெண்கட்டிக் கோட்டை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார்.

இதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு மண்டோர் பரமசிவம் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"நான் சொன்னேனா இல்லையா? உள்ள போனா சீட்டு கிழியும்னு சொன்னேனா இல்லையா? கெழவி, மூட்டையக் கட்டு!"

"மண்டோர், கொஞ்சம் பொறுங்கோ" என்றார் தில்லையம்பலம். எழுந்து நின்றுகொண்டார். "மூண்டு பாஷையிலை பலகை எழுதினன். இவவுக்கு எந்தப் பாஷையும் வாசிக்கத் தெரியாது. மாசா மாசம் கடிதம் வாசிச்சுக் குடுக்கிற எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், ஒரு நிமிஷம் நிண்டு, 'அக்கா, சூடு பட்டால் கண்ணாடி பொங்கும்' எண்டு வாயாலை சொல்லேல்லை. பிழை ஆரின்ரை?"

"அதுக்காக…"

"இவ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஆருக்கும் தெரியப்போறதில்லை. நான் என்ரை கையாலையே நல்ல கோலிலை துளை போட்டு, நாளைக்கு உண்மையாகவே மேடாக்கியிருப்பன். வேலை போகும் எண்டு தெரிஞ்சும் சொன்னவ. சீட்டுக் கிழிக்கிறதெண்டால் முதல் என்ரை சீட்டைக் கிழியுங்கோ."

பரமசிவம் முத்தாயியைப் பார்த்தார், கழற்றிக் கிடந்த கோலைப் பார்த்தார், கடைசியாக மருதப்பனைப் பார்த்தார். "சாவிய சாமிகிட்ட குடுத்துட்டுத் தன்கிட்ட இருக்குன்னானே, அவன மொதல்ல கவனிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான், சொன்ன சொல்லிலிருந்து இறங்க ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கும்.

கோப்பி ஆறிப்போயிருந்தது. தில்லையம்பலம் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

கோலைப் பழையபடி மாட்டினார்கள். முட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். பதினெட்டுக் கைகளும் மெல்ல அசைந்து தத்தம் பங்கை வாங்கிக்கொண்டன. கிடங்கைப் பூட்டினார்கள். சாவியை மருதப்பன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். "இனிமே சாமி கேட்டாலும் தரமாட்டேன்" என்றான்.

ஹார்வியிடம் தில்லையம்பலம் உள்ளதை உள்ளபடி சொன்னார். எதையும் மாற்றவில்லை, படுக்கைக்குக் கீழே ஒரு விளக்கு எரிந்திருக்கிறது, நாளைக்குள் சூடு தணியும் என்றார்.

"யார் வைத்தது?"

"படுக்கை தேற வேண்டும் என்று விரும்பின ஒருவர்."

"எனக்கும் அப்படி ஒருவர் இருந்தால் நன்றாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஹார்வி தன் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் மழை தூறிற்று. தகடு குளிர்ந்து கிடந்தது நல்லதாயிற்று. தில்லையம்பலம் கிந்தா ரோட்டு வீட்டிலிருந்து நடந்தே வந்தார். வழியில் கோயில் வாசலில் நின்று கும்பிட்டபோது, தேற வேண்டும் என்று வேண்டவில்லை. எது உள்ளதோ அது தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஹார்வி ஏறினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மருதப்பன் அரைஞாணில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முத்தாயி கிடங்குக்கு வெளியே, கதவிலிருந்து பத்தடி தள்ளி, துடைப்பத்தை இரண்டு கையாலும் பற்றியபடி நின்றாள். மூச்சுக்கூடச் சூடு என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிறகு கறுப்புத் துணி விலகி ஹார்வியின் தலை தெரிந்தது. கையில் அந்தப் புகைப்படம்.

"தில்லை, எது படம் எது கண்ணாடி என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்களே வந்து சொல்லுங்கள்."

தில்லையம்பலம் ஏறிப் போய்ப் பார்த்தார். அக்கினி மூலையில் ஒன்றுமில்லை. எங்கும் ஒன்றுமில்லை. பொழுது சாயும்போது ஏரி மேல் படிகிற நிழல் மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக, கண்ணாடி தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வெகு நேரம் பார்த்தார். ஹார்வி அவசரப்படுத்தவில்லை. சாரத்தின் மேலேயே, முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தில்லையம்பலம் அதை மடித்துச் சட்டைப் பையில் பழைய கடிதத்தோடு வைத்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் அவர் நேராக வெளியே போனார்.

"முத்தாயி அக்கா, வாருங்கோ உள்ளுக்கு."

"வேணாம்யா. நான் வந்தா மறுபடி எதாச்சும் பொங்கிடும்."

"கையெழுத்து ஆகிட்டுது. இனிப் பொங்கினாலும் பரவாயில்லை. வந்து பாருங்கோ."

மருதப்பன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, முத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முருகா முருகா என்று படி ஏறினாள். "கீழ பாக்காத, மேல பாரு" என்று மருதப்பன் கத்தினான். "கண்ணாடி கீழதானேடா இருக்குது!" என்று பதில் வந்தது. மேலே ஹார்வி தன் இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து, எங்கே கண் வைப்பது என்று கையால் காட்டினார்.

கீழே தில்லையம்பலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டார். அது இன்னும் வெள்ளிப் பூச்சு பூசாத வெறும் கண்ணாடிதான். ஹார்வி மேலேயிருந்து தலையசைத்ததும், உள்ளங்கையை அதன் மேல் பூப்போல வைத்தார். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுக் கையை எடுத்தார்.

மேலே ஒரு சின்ன அலறல்.

"ஐயோ! கை மாதிரியே ஒண்ணு எழும்பி நிக்குதுய்யா! அஞ்சு வெரலும் தெரியுது!"

"அது என்ரை கைச் சூடு."

"ஒரு கை வச்சதுக்கே இம்புட்டா? அப்ப நான் வச்ச வெளக்கு…" அவள் குரல் தணிந்தது. சற்றுப் பொறுத்து, "இது போயிடுமில்ல?" என்றாள்.

"போயிடும். பொறுத்துப் பாருங்கோ."

வெளியே மழை விட்டு ஓடை ஓடும் சத்தம் கேட்டது. பெட்டி அடிக்க ஆட்கள் வந்து வாசலில் காத்திருந்தார்கள். தில்லையம்பலம் அவர்களைக் கையமர்த்தினார். சனிக்கிழமைக் கப்பலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"வெரலெல்லாம் மங்குதுய்யா" என்றாள் முத்தாயி.

பிறகு, "இப்ப வெறும் உள்ளங்கைதான் தெரியுது."

தில்லையம்பலம் வெகு நேரம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கழுத்து வலித்தது. அந்த வலியும் சுகமாக இருந்தது.

"போயிருச்சுய்யா" என்றாள் மேலேயிருந்து. "சுத்தமாப் போயிருச்சு."